முதல் ஆறு ஆண்டு: தாயின் கூலி யார் கணக்கில்?

(செங்கற்பட்டில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வு, போனஸ், வீட்டுமனைப் பட்டா, இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எண்ணி நீங்கள் வந்திருப்பீர்கள். இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது குழந்தைகளைப் பற்றிய விஷயம். "இது பொம்பளைங்க சமாசாரம், நமக்கென்ன?" என்று பீடி பற்ற வைக்க வெளியே கிளம்பும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேட்கும்படி வேண்டுகிறோம். கேட்டு முடித்தால் இதுவும் கூலிப் பிரச்னைதான் என்று நீங்களே சொல்லுவீர்கள்.

நம் ஊர்களில் இந்தக் குழந்தைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முகம் சற்றுத் தட்டையாக இருக்கும். கண்களின் வெளி ஓரம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். கையும் காலும் துவண்டு கிடக்கும். கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாம் மற்றக் குழந்தைகளைவிடத் தாமதமாகும். டாக்டர்கள் இதற்கு டவுன் சிண்ட்ரோம் என்று பெயர் சொல்லுகிறார்கள். ஊரிலோ, பெற்றவர்கள் அந்தக் குழந்தைக்கு வைத்த பெயரைச் சொல்லுகிறவர்கள் குறைவு. வேறு பெயர்கள் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர்களை இந்த மேடையில் நாம் சொல்லப் போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும்.

முதலில் எங்கள் தவறு

பிறரைக் குறை சொல்லுமுன் எங்கள் தவறைச் சொல்லி விடுகிறோம்.

திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமது தோழர் ஒருவர் இருக்கிறார். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். அவர் மனைவி நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் நடந்த இடத்தில் டாக்டர் குழந்தையைப் பார்த்தார். தாயின் முகத்தைப் பார்க்காமலே, "இது இப்படித்தான் இருக்கும், ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமியார், "கிரகணத்தில் வெளியே போனாயே, அதனால்தான்" என்றார். அக்கம்பக்கத்தில், "எந்த ஜன்மத்துப் பாவமோ" என்றார்கள்.

கிளைத் தோழர்கள் நாங்கள் நாலு பேர் போய்ப் பார்த்தோம். நாங்கள் பகுத்தறிவு பேசுகிறவர்கள் அல்லவா? பாவம், கிரகணம் என்றெல்லாம் சொல்லவில்லை. "வருத்தப்படாதீங்க தோழரே, மூத்தது ரெண்டும் நல்லா இருக்குதே" என்றோம். ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியோடு எழுந்தோம். அப்போது உள்ளேயிருந்து அந்த அம்மாள் கேட்டார்: "இதுவும் எம் புள்ளதானே, அண்ணே?"

எங்களிடம் பதில் இல்லை. டாக்டர் சொன்னதற்கும் நாங்கள் சொன்னதற்கும் என்ன வித்தியாசம்? அவர் கையை விரித்தார். நாங்களும் கையைத்தான் விரித்தோம், கொஞ்சம் மரியாதையாக. அந்தக் கேள்விதான் எங்களை இந்த விஷயத்தைப் படிக்க வைத்தது. படித்ததையும் பார்த்ததையும் உங்கள் முன் வைக்கிறோம்.

யார் குற்றம்?

நம் உடம்பு கோடானு கோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம் என்னும் மிக நுண்ணிய இழைகள் இருக்கின்றன. தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23, ஆக மொத்தம் 46. இவை 23 ஜோடிகள். இந்தக் குழந்தைகளுக்கு 21-வது ஜோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று இழைகள் இருக்கின்றன. மொத்தம் 47. அவ்வளவுதான் விஷயம். கரு உண்டாகும் காலத்தில் இழைகள் சரியாகப் பிரியாமல் போவதால் இப்படி நேருகிறது.

கிரகணம் காரணம் அல்ல. தாய் தின்ற பண்டம் காரணம் அல்ல. அவள் செய்த வேலையோ, பட்ட அதிர்ச்சியோ காரணம் அல்ல. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதும் அல்ல. தாய்க்கு முப்பத்தைந்து வயதுக்கு மேலானால் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இளம் வயதில்தான் அதிகம் பேர் பிள்ளை பெறுகிறார்கள். ஆகவே இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இளம் தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்று இப்படி. முதலாளி வீட்டிலும் பிறக்கிறது, மூட்டை தூக்குகிறவர் வீட்டிலும் பிறக்கிறது. பிறப்பிலே வர்க்க பேதம் இல்லை. பிறந்த மறுநாளிலிருந்துதான் பேதம் தொடங்குகிறது.

ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில டாக்டர் 1866-ம் ஆண்டில் இந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர் பெயரால்தான் டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள். ஆனால் அவர் வைத்த பெயர் வேறு. குழந்தைகளின் முகச் சாயலைப் பார்த்து ஒரு முழு இனத்து மக்களின் பெயரையே நோய்ப் பெயராக வைத்துவிட்டார். வெள்ளையர் உயர்ந்த இனம், மற்றவர் தாழ்ந்த இனம் என்று ஏகாதிபத்தியம் பிரசாரம் செய்த காலம் அது. 1959-ல் பாரிஸ் நகரில் ழெரோம் லெழூன், மார்த் கோத்தியே முதலான விஞ்ஞானிகள், இந்தக் குழந்தைகளுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல் என்று வெளியிட்டார்கள். இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று ருசுவாயிற்று. 1965-ல் மங்கோலிய மக்கள் குடியரசின் பிரதிநிதிகள் உலக சுகாதார ஸ்தாபனத்தைப் பார்த்து, "எங்கள் மக்களின் பெயரை இதற்கு வைக்காதீர்கள்" என்று கேட்டார்கள். அதன் பிறகு உலக சுகாதார ஸ்தாபனம் அந்தப் பெயரைக் கைவிட்டது.

ஒரு சிறிய நாடு தன் ஜனங்களின் பெயருக்காக எழுந்து நின்று பேசியது. நம் தெருவில் ஒரு சிறு பெண்ணின் பெயருக்காக நாம் பேச வேண்டாமா?

செலவுக் கணக்குப் போட்டவர்கள்

"வேலைக்கு உதவாத பிள்ளை, செலவழித்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கிறார்கள். இது எங்கிருந்து வந்த கேள்வி என்று தெரிந்து கொள்ளுங்கள்.

ஹிட்லரின் ஜெர்மனியில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். இப்படிப்பட்ட ஒரு மனிதனை வாழ்நாளெல்லாம் வைத்துக் காப்பாற்ற 60,000 மார்க் செலவாகிறது, அது உங்கள் பணம், என்று அதில் எழுதியிருந்தது. முதலில் கணக்குத்தான் போட்டார்கள். பிறகு கொன்றார்கள். 1940 ஜனவரியிலிருந்து 1941 ஆகஸ்டு வரை அந்த ஒரு திட்டத்தில் மட்டும் எழுபதாயிரம் பேருக்கு மேல் விஷவாயுவில் மாண்டார்கள்.

மனிதனை அவனிடமிருந்து கறக்கக்கூடிய உழைப்பைக் கொண்டு மட்டும் மதிப்பது முதலாளியின் கணக்கு. ஆலையில் கை இழந்த தொழிலாளியை "இனி நீ வேண்டாம்" என்று அனுப்பிய முதலாளியோடு நாம் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறோம்! அதே கணக்கை நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு குழந்தை மேல் நாம் போடலாமா?

முதல் ஆறு ஆண்டு

"ஒன்றும் செய்வதற்கில்லை" என்று அந்த டாக்டர் சொன்னது தவறு. செய்வதற்கு ஏராளம் இருக்கிறது. அதைச் சீக்கிரம் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முதலில் இருதயம். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு இருக்கிறது. வெளியே பார்த்தால் தெரியாது. எக்கோ என்ற பரிசோதனை செய்தால்தான் தெரியும். சில வகைக் கோளாறுகளுக்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும். தள்ளிப் போட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் கெட்டுப் போகும். பிறகு ஆபரேஷனே செய்ய முடியாது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைக் குப்பம் ஒன்றில் இப்படி ஓர் ஆண் குழந்தை இருந்தது. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும். "இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று இருந்துவிட்டார்கள். எக்கோ பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பத்தாம் மாதத்தில் சளி நெஞ்சில் கட்டியது. இரண்டு நாளில் குழந்தை போய்விட்டது. "அதுக்கு விடுதலை" என்று ஊரில் சொன்னார்கள். தோழர்களே, அது விடுதலை அல்ல. ஒரு பரிசோதனை செய்யாததால் போன உயிர் அது.

அடுத்தது தைராய்டு. பிறந்தவுடன் ஒரு தடவை, ஆறாம் மாதம் ஒரு தடவை, ஒரு வயதில் ஒரு தடவை, பிறகு ஆண்டுதோறும் ரத்தம் பார்க்க வேண்டும். குறை இருந்தால் தினம் ஒரு மாத்திரை போதும். காதும் கண்ணும் பார்க்க வேண்டும். காது மந்தமாக இருந்தால் பேச்சு எப்படி வரும்? காது கேளாததை மூளைக் குறை என்று எண்ணிவிடுகிறோம். தடுப்பூசிகளைத் தவறாமல் போட வேண்டும். கழுத்து எலும்பு சிலருக்குத் தளர்ச்சியாக இருக்கும். ஆகவே தலைகீழாகத் தூக்கி விளையாட்டுக் காட்டக் கூடாது, குட்டிக்கரணம் போட வைக்கக் கூடாது.

பிறகு பயிற்சி. தசை துவண்டிருப்பதால் இந்தக் குழந்தை தானாகப் புரளாது, புரள வைக்க வேண்டும். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, முன்னால் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டித் தலை தூக்க வைக்க வேண்டும். பால் கொடுக்கும்போது தலையை உயர்த்திப் பிடித்து, நிறுத்தி நிறுத்திக் கொடுக்க வேண்டும். எந்நேரமும் இடுப்பிலேயே வைத்திருக்காமல் பாயில் விட வேண்டும். பேச்சு வருமுன் கையால் காட்டப் பழக்க வேண்டும்: "வா", "போதும்", "தண்ணி". சோறு, சொம்பு, ஆடு, அக்கா என்று கண்ணில் படுவதையெல்லாம் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது. நூறு தடவை சொல்ல வேண்டும். இப்படிப் பழகிய குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதையொட்டி நடக்கிறார்கள். பேசுகிறார்கள். பள்ளிக்கூடம் போகிறார்கள். பெரியவர்களாகி வேலை செய்கிறவர்களும் உண்டு.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் இருபத்தைந்து ஆண்டு. இன்று அறுபதை எட்டியிருக்கிறது. அங்கே கூடுதல் குரோமோசோம் மறைந்துவிடவில்லை. இருதய ஆபரேஷன் வந்தது. விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கம் ஒழிந்து, பிள்ளைகள் வீட்டில் வளர்ந்தார்கள். இவைதான் காரணம்.

மையம் இருக்கிறது, வழிதான் நீளம்

"இதெல்லாம் நம் பக்கத்தில் எங்கே கிடைக்கும்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

சென்னையில் 1984-ம் ஆண்டில் சுரேகா ராமச்சந்திரன் என்ற தாய், தன் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்தபின் மற்றப் பெற்றோர்களையும் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து இந்திய டவுன் சிண்ட்ரோம் சம்மேளனம் ஆயிற்று. 1989-ல் தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம் தொடங்கியது. அங்கே ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். தாயும் கூட உட்கார்ந்து கற்றுக் கொண்டு வீட்டில் போய்ச் செய்ய வேண்டும் என்பது அங்கே முறை.

நம் ஜில்லாவிலேயே, மாமல்லபுரத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பன்முக மாற்றுத் திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய சர்க்கார் 2005-ல் ஏற்படுத்தியது. சின்னக் குழந்தைகளுக்கான தனி மையம் ஒன்றும் 2021 ஜூனில் அங்கே திறக்கப்பட்டது. செங்கற்பட்டில் 1965-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. 2013-ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பரிசோதித்துச் சிகிச்சை தர வேண்டியவற்றின் ஜாபிதாவில் டவுன் சிண்ட்ரோமும் எழுதப்பட்டிருக்கிறது. வட்டார வள மையங்களில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அங்கன்வாடியில் இந்தக் குழந்தைகளைச் சேர்த்து எப்படி நடத்த வேண்டும் என்று 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் நெறிமுறையே வெளியிட்டது.

ஆகவே, ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கூலிக்காரத் தாய் அங்கே போய்ச் சேரும் வழி எது என்றுதான் கேட்கிறோம்.

நமது தோழரின் மனைவி குழந்தையை எடுத்துக் கொண்டு முட்டுக்காடு போனார். விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு, மூத்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பஸ் ஏறி மாமல்லபுரம், அங்கே காத்திருந்து இன்னொரு பஸ். ஒரு மணி நேரப் பயிற்சி. திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை. மாற்றுத் திறனாளிக்கும் துணைக்கு வருகிறவருக்கும் இல்லை. நல்லது. ஆனால் டிக்கெட் இல்லையென்றால் அன்றைய கூலி கிடைத்துவிடுமா?

வாரம் ஒரு நாள் போனால் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு நாள் கூலி போகிறது. நடவுக் காலத்தில் தொடர்ந்து வாராவாரம் ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுக் கொள்ளுவார். நாலு மாதம் போனார் அந்த அம்மாள். குழந்தைக்குக் கழுத்து நன்றாக நின்றது; சாய்த்து வைத்தால் உட்கார்ந்தது. ஐந்தாம் மாதம் நிறுத்திவிட்டார். "ஏன்?" என்று கேட்டோம். "ரேஷன் அரிசி மட்டும் வேகவச்சுத் தின்னா பசி ஆறுமா, அண்ணே?" என்றார்.

இதுதான் தோழர்களே பேதம். கார் வைத்திருக்கிற வீட்டுக் குழந்தைக்கு முட்டுக்காடு முக்கால் மணி நேரம். நம் குழந்தைக்கு முட்டுக்காடு ஒரு நாள் கூலி தூரம்.

நடவுப் பெண்கள் போட்ட தீர்மானம்

அதற்குப் பின் நடந்ததை நாங்கள் செய்ததாகச் சொன்னால் அது பொய். நடவுப் பெண்கள் செய்தது அது.

அவர்கள் பதினெட்டுப் பேர், ஒரே கூட்டமாக வேலைக்குப் போகிறவர்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, வந்த பணத்தைச் சமமாகப் பிரித்துக் கொள்ளுகிறவர்கள். ஒரு நாள் வரப்பில் கஞ்சி குடிக்கும்போது அவர்களில் மூத்த அம்மாள் சொன்னாராம்: "அவ ஊர் சுத்தப் போகல. புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போறா. அதுவும் வேலதான். அவ பங்கு அவளுக்கு உண்டு." அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைப் பங்கு அந்தத் தாய்க்குத் தவறாமல் வந்தது. பதினெட்டுப் பேர் வேலையைப் பதினேழு பேர் செய்தார்கள். அது மட்டுமல்ல. அவர் முட்டுக்காட்டில் கற்று வந்ததை இரண்டு பெண்கள் பார்த்துக் கற்றுக் கொண்டார்கள். மரத்தடியில் தூளியில் கிடந்த குழந்தையைக் கீழே பாயில் விட்டு, ஆள் மாற்றி ஆள் விளையாட்டுக் காட்டினார்கள்.

எங்கள் கிளையில் இதைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. தோழமை என்ற சொல்லை மேடைக்கு மேடை சொல்லுகிறவர்கள் நாங்கள். அதைச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

இன்று அந்தக் குழந்தைக்கு ஏழு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. எழுத்து இன்னும் கூடவில்லை. பேச்சில் பாதி நமக்கு விளங்காது. ஆனால் தானே சாப்பிடுகிறாள், தானே குளிக்கிறாள். தகப்பன் ஆலையிலிருந்து வந்தால் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறாள். நாங்கள் போனால் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணக்கம் சொல்லுகிறாள். ஒரு காலத்தில் நாங்கள் அவள் பெயரைக் கேட்காமலே எழுந்து வந்தோம்!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பதினேழு ஏழைகள் தங்கள் கூலியிலிருந்து கிள்ளி இன்னொரு ஏழைக்குக் கொடுத்ததுதான் இது. அதைக் கண்டு கைதட்டிவிட்டு, "பார்த்தீர்களா, ஜனங்களே பார்த்துக் கொள்ளுகிறார்கள்" என்று சர்க்கார் ஒதுங்கிக் கொள்ள நாம் இடம் கொடுக்கக் கூடாது.

சட்டத்தில் உள்ளதைக் கேட்டு வாங்குவோம்

2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. நாற்பது சதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு, ஆறு வயது முதல் பதினெட்டு வரை பக்கத்துப் பள்ளியிலோ தனிப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. "இந்தப் பிள்ளையை இங்கே சேர்க்க முடியாது" என்று எந்தத் தலைமையாசிரியர் சொன்னாலும் அந்தச் சட்டத்தைச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சான்று வாங்கி, தனித்துவ அடையாள அட்டைக்கு எழுதிப் போடுங்கள். மனவளர்ச்சி குன்றியோருக்கு மாநில சர்க்கார் தரும் மாதப் பராமரிப்புத் தொகை 1,500-லிருந்து 2,000 ரூபாய் ஆயிற்று. 1999-ல் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பயிற்சிச் செலவும் அதில் சேரும்.

ஆலைத் தோழர்கள் இதைக் கவனியுங்கள். இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் எழுதப்பட்டது. தொழிலாளியை நம்பி வாழும் பிள்ளைக்கு உடல் குறையோ மூளைக் குறையோ இருந்தால், அந்தக் குறை உள்ள வரை, வயது எவ்வளவானாலும், குடும்பத்தில் சேர்த்தி என்று அதில் இருந்தது. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த வாசகம் இருக்கிறது. 1995-ம் ஆண்டு தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில், தொழிலாளி இறந்தால் முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாத பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் பென்ஷன் உண்டு. "நாம் போன பிறகு இது என்ன ஆகும்?" என்று ராத்திரியில் தூக்கம் இல்லாமல் கிடக்கும் தாய் தகப்பன் எத்தனை பேர்! பி.எப். படிவத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். வெட்கப்பட்டு விட்டுவிட்ட தோழர்கள் இருக்கிறார்கள். எழுதுங்கள்!

விவசாயக் கூலிக்கு? கடலுக்குப் போகிறவருக்கு? அவர்களுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, பி.எப். இல்லை. மாதம் நாலு நாள் கூலி போனால் அந்த 2,000 ரூபாயின் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். பக்கத்து ஆந்திரத்தில் 2024-ல் மாற்றுத் திறனாளிகள் பென்ஷனை 6,000 ரூபாய் ஆக்கினார்கள். இங்கேயும் உயர்த்து என்று தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத் திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் போராடி வந்திருக்கிறது. அந்தச் சங்கத்தின் பெயரிலேயே "பாதுகாப்போர்" என்று இருப்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்கு உரிமை உண்டு. பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறவருக்கும் உரிமை உண்டு.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த மாதத்திலேயே இருதயப் பரிசோதனை செய்ய வேண்டும். தேதி குறித்துக் கொடுத்து, வண்டி வைத்து அழைத்துப் போக வேண்டும். பயிற்சி தருகிறவர் வாரம் ஒரு நாள் ஊர் அங்கன்வாடிக்கே வர வேண்டும். இது முடியாத காரியமா? தென்காசிப் பக்கத்தில் ஆய்க்குடியில், தாமே நடக்க இயலாத எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் ஊழியர்கள் கிராமம் கிராமமாக வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு தர்ம ஸ்தாபனத்தால் முடிவது சர்க்காரால் முடியாதா? அப்படியும் தாய் வெளியே போக வேண்டிய நாளுக்கு, அந்த நாள் கூலியைச் சர்க்கார் கொடுக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் ஒப்பந்தம் பேசும்போது, இப்படிப்பட்ட குழந்தையுள்ள தொழிலாளிக்கு மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு என்பதையும் ஒரு ஷரத்தாக வைக்க வேண்டும். போனஸ் கேட்கிற நாம் இதைக் கேட்கக் கூடாதா?

கிளைகள் செய்ய வேண்டியது

மனுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். இந்தக் கூட்டம் கலைந்து போன பிறகு, ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் இப்படிப்பட்ட குழந்தைகள் எத்தனை என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கட்டும். ஆறுதல் சொல்லப் போக வேண்டாம். குழந்தையின் பெயரைக் கேளுங்கள். இருதயம் பார்த்தாயிற்றா, தைராய்டு பார்த்தாயிற்றா, சான்று வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். ஆகவில்லையென்றால் ஒரு தோழர் கூடப் போகட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் படிவத்தை எழுதிக் கொடுக்கட்டும். தகப்பன்மாரே, முட்டுக்காட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தாய்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நீங்களும் தூக்கிக் கொண்டு போங்கள். நம் கூட்டங்களுக்கு அந்தக் குழந்தைகளை அழைத்து வாருங்கள். நடுவில் சத்தம் போட்டால் போடட்டும். இந்த மேடையில் பேசுகிறவர்கள் போடாத சத்தமா?

இங்கே முன் வரிசையில், அப்பாவின் மடியில் உட்கார்ந்து இவ்வளவு நேரமும் எங்களையே பார்த்துக் கொண்டிருக்கிறாளே, அவள்தான் நாங்கள் சொன்ன அந்தப் பெண். நாங்கள் நிறுத்தின இடத்திலெல்லாம் அவள் கைதட்டினாள். அவளுடைய அம்மாள் ஏழு ஆண்டுக்கு முன் கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்லுகிறோம், தாமதமாகத்தான்:

ஆம், அம்மா. இவளும் உங்கள் பிள்ளைதான். எங்கள் பிள்ளையும்தான். அவள் கணக்கு இனி நமது சங்கத்தின் கணக்கில் சேரும்.